15 மதிப்பெண் வினாவும் தண்ணீர் டிரம்மும்

குரூப் 1 மெயின்ஸ் மூன்றாம் தாளில் அறிவியல் தொழில்நுட்பப் பகுதியைப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். முதல் முயற்சியில் நான் சறுக்கிய இடம் அது.

ஒரு மாதிரித் தேர்வில் 15 மதிப்பெண் வினா: “அரசுச் சேவைகள் வழியாக மக்களிடம் அறிவியல் புரிதலை எப்படி வளர்க்கலாம்?” பார்த்ததும் ஒரே குஷி. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று சொல்லும் அரசியலமைப்பின் 51அ(எச்) பிரிவு, அதைக் கொண்டுவந்த 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தம், தேசிய அறிவியல் நாள், அறிவியலை மக்களிடம் பரப்ப மத்திய அரசு நடத்திய விஞ்ஞான் பிரசார் நிறுவனம் என்று மனப்பாடம் செய்ததையெல்லாம் கொட்டினேன். கிடைத்தது 5 மதிப்பெண். ஓரத்தில் சிவப்பு மையில், “இதில் சேவை எங்கே?”

கோபம்தான் வந்தது. அந்த வாரமே எங்கள் தெருவுக்கு டெங்கு தடுப்புப் பணியாளர் வந்தார். டார்ச் அடித்து டிரம்முக்குள் பார்த்தார், கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றினார், “வாரம் ஒருக்கா தேய்ச்சுக் கழுவுங்கம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அம்மா என்னிடம் கேட்டார்: “நல்ல தண்ணிதானேடா? கொட்டிட்டு வேற பிடிச்சாப் போதாதா, எதுக்குத் தேய்க்கணும்?”

திருத்தத்தின் எண் தெரிந்த எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்தேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைவிட வீட்டுக்குள் இருக்கும் தெளிந்த நீரையே விரும்பும். முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கும். காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் பொரிந்துவிடும். அதனால்தான் தேய்க்கச் சொல்கிறார்கள். முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால்தான் ‘வாரம் ஒருமுறை’. இது பகலில் கடிக்கிற கொசு என்பதால் ராத்திரி கொசுவலை மட்டும் போதாது.

விடை கையில் கிடைத்துவிட்டது. சேவை ஏற்கெனவே வாசல்வரை வருகிறது, ‘ஏன்’ என்பது மட்டும் கூட வருவதில்லை. அதைச் சேர்க்க ஆகிற செலவு இரண்டு வாக்கியம்.

அப்புறம் ஒரு நோட்டில் அரசு அறிவிப்புகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் காரணத்தை எழுதத் தொடங்கினேன். மழை எச்சரிக்கை நல்ல உதாரணம். 24 மணி நேரத்தில் 204.4 மி.மீ.க்கு மேல் பெய்தால் அதி கனமழை. இதை அப்படியே சொன்னால் யாருக்குப் புரியும்? 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். 20 செ.மீ. பெய்தால் 1,000 சதுர அடி மொட்டைமாடியில் மட்டும் சுமார் 18,600 லிட்டர் விழும். 12,000 லிட்டர் லாரியில் ஒன்றரை லாரித் தண்ணீர்! சிவப்பு எச்சரிக்கை ஏன் என்று இப்போது அம்மாவுக்கும் புரிகிறது.

சரி, எழுதும் முறை. ஒரே ஒரு சேவையை எடுங்கள். மக்கள் அதை எங்கே தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், காரணம் என்ன, அதை யார் வாயால் சொன்னால் கேட்பார்கள் (அங்கன்வாடிப் பணியாளரா, கிராம சுகாதார செவிலியரா) என்று போங்கள். சட்டப்பிரிவும் நிறுவனங்களும் கடைசியில் மூன்று வரி போதும். அதிலும் கவனம்: தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28 சர் சி.வி. ராமன் பிறந்தநாள் அல்ல, 1928-இல் ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள். 1989-இல் தொடங்கிய விஞ்ஞான் பிரசார் 2023-இல் மூடப்பட்டுவிட்டது. பழைய நோட்ஸ்களில் இன்னும் ‘செயல்படுகிறது’ என்றே இருக்கும்.

படம் போட ஆசைப்பட்டால் டிரம்மின் குறுக்குவெட்டு போதும். நீர்மட்டத்துக்கு ஒரு கோடு, அதற்கு மேலே சுவரில் நாலைந்து புள்ளிகள். அரை நிமிட வேலை.