அக்கா அனுப்பிய பெட்டியும் அப்பா வாங்கிய பெட்டியும்

டல்லாஸ் அக்கா, தன் பிள்ளைகள் ஒதுக்கிவிட்ட நின்டெண்டோ வீ விளையாட்டுக் கருவியைக் குப்பையில் போட மனம் வராமல், ஊருக்கு வந்த யாரோ ஒருவரின் பெட்டியில் திணித்து அனுப்பிய நாள் முதல், எங்கள் வீட்டில் மின்சாரத்தைத் தவிர வேறு பேச்சில்லை.

அதன் தட்டைப் பின்கள் நம் பிளக் பாயிண்டில் சரியாகப் பொருந்தாததைக் கண்ட அப்பா, தெருமுனைக் கடையில் 50 ரூபாய்க்கு ஒரு மாற்றுப் பின் வாங்கி வந்தார். கடைக்காரர் அதைக் ‘கன்வர்ட்டர்’ என்று சொன்னதுதான் வினை. அது மாற்றுவது பின்னின் வடிவத்தை மட்டுமே, உள்ளே பாய்கிற 230 வோல்ட்டை அல்ல. கருவியோடு வந்த அடாப்டரின் அடிவயிற்றில் 120 வோல்ட் என்று எறும்பெழுத்தில் அச்சிட்டிருந்ததை அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தது, ‘டப்’பென்ற ஓசைக்கும் கருகல் வாடைக்கும் பிறகுதான். “செல்போன் சார்ஜர் எந்த ஊரிலும் வேலை செய்கிறதே?” என்று அவர் கேட்டது நியாயமே. அது 100 முதல் 240 வோல்ட் வரை போட்டதைத் தின்று வளரும் பிள்ளை. இதுவோ அமெரிக்கச் சமையலைத் தவிர எதையும் தொடாத பிள்ளை.

நல்லவேளையாக, உயிரை விட்டது அடாப்டர் மட்டுமே. கருவிக்கு வேண்டியது 12 வோல்ட் டிசி, 3.7 ஆம்பியர், ஐரோப்பாவுக்கென்று செய்த 230 வோல்ட் அடாப்டரும் அதையேதான் தருகிறது. அப்படியொன்றை, மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் நான் தேடிப் பிடித்து வருவதற்குள், அப்பா தம் பென்ஷன் பணத்தில் 110 வோல்ட் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை ஆட்டோவில் ஏற்றி வந்துவிட்டார். 45 வாட்டைக்கூடத் தொடாத கருவிக்கு 500 வாட் எதற்கு என்று கேட்டதற்கு, “நாளைக்கு வேறு ஏதாவது வந்தால்?” என்றார். அம்மிக்கல்லின் கனமும் வண்டின் ரீங்காரமும் கொண்ட அந்தப் பெட்டி, தொலைக்காட்சி மேசைக்கு அடியில் குடியேறியது.

புது அடாப்டரை மாட்டினால் சிவப்பு விளக்குக்கூட எரியவில்லை. இரண்டு முறை ரிச்சி தெருவுக்குப் போய்ச் சண்டை போட்டேன். இரண்டு முறையும் கடைக்காரர் மீட்டரை வைத்துப் பார்த்து, பொறுமையாக 12 வோல்ட் காட்டி அனுப்பினார். மூன்றாம் நாள் மேசைக்கு அடியில் விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தபோதுதான், நான் இத்தனை நாளும் அடாப்டரைச் செருகிய எக்ஸ்டென்ஷன் பலகையின் வால், சுவருக்குப் போகாமல் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போவதைப் பார்த்தேன். 230 கேட்கும் அடாப்டருக்கு அப்பா 110 ஊட்டிக்கொண்டிருந்தார். “இரட்டைப் பாதுகாப்பு இருக்கட்டும் என்று நினைத்தேன்” என்றார்.

வாலைச் சுவருக்கு மாற்றியதும் கருவி உடனே விழித்துக்கொண்டது. இப்போது அம்மா மாலைதோறும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு திரையில் பந்து உருட்டுகிறார். அப்பா ஆடுவதில்லை. நேற்று அக்காவிடம் தொலைபேசியில், “டிசம்பரில் வரும்போது அங்கிருந்து மிக்ஸியோ எதுவோ, 110 வோல்ட்டில் ஒன்று எடுத்து வாம்மா, இங்கே டிரான்ஸ்ஃபார்மர் சும்மாதான் இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.