சாக்கடைக் கொசுவும் ஹவாய் குருவியும்

ராத்திரி லைட்ட அணைச்ச உடனே காதுகிட்ட வந்து ஙொய்னு பாடுமே, சாக்கடைத் தண்ணில முட்டை போடும், யானைக்கால் பரப்பும்னு ஸ்கூல்ல படிச்சோமே, க்யூலெக்ஸ் கொசு, அதே ஜாதி தான் பசிபிக் கடல் நடுவுல ஹவாய்ல ஒரு பறவைக் குடும்பத்தையே காலி பண்ணிட்டு இருக்கு. ரெண்டு வாரமா இதைத் தான் படிச்சுட்டு இருக்கேன், வீட்ல பேச்சை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடறாங்க, அதனால இங்க கொட்டறேன்.

ஹவாய்ல 200 வருஷம் முன்னாடி வரைக்கும் கொசுவே கிடையாதாம். 1826ல ஒரு கப்பல் மவுயி தீவுல லஹைனா பக்கம் வந்து நின்னுச்சு, பீப்பாய்ல இருந்த பழைய தண்ணியக் கொட்டிட்டு நல்ல தண்ணி பிடிச்சாங்க, கொட்டின தண்ணில கொசுப்புழு இருந்திருக்கு, அப்படித்தான் வந்துச்சுன்னு சொல்றாங்க. சரி, கொசு மட்டும் வந்திருந்தா கடியோட போயிருக்கும். அப்புறமா வெளியூர் பறவைகளை கூண்டுல கொண்டு வந்து அழகுக்காக காட்டுல விட்டாங்க பாருங்க, அதுங்க ரத்தத்துல மலேரியா ஒட்டுண்ணியும் கூடவே வந்துச்சு. இது பறவை மலேரியா, மனுஷனுக்கு வராது. ரொனால்ட் ராஸ் 1898ல கல்கத்தால உக்காந்து, கொசு கடிச்சுத் தான் மலேரியா பரவுதுன்னு முழுசா நிரூபிச்சது கூட குருவிங்களுக்கு வர்ற இந்த பறவை மலேரியாவ வெச்சுத் தான், அதுவும் இதே க்யூலெக்ஸ வெச்சு! எனக்கு இது தெரிஞ்சப்போ கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன்.

ஹவாய் குருவிங்களுக்கு ஹனிக்ரீப்பர்னு பேரு. பல லட்சம் வருஷம் முன்னாடி ஆசியாவுல இருந்து வழிதவறி வந்து சேந்த ஏதோ ஒரு குருவிக் கூட்டம், அதுலேருந்து 50க்கும் மேல வகை பிரிஞ்சுது. ஒண்ணுக்கு பூவுக்குள்ள விட்டுத் தேன் குடிக்க அரிவாள் மாதிரி வளைஞ்ச மூக்கு, இன்னொண்ணுக்கு குச்சிய உடைச்சு புழு எடுக்க கிளி மூக்கு. இப்ப மிஞ்சினது 17 வகையோ என்னவோ தான். இத்தனை காலமும் கொசு கடிச்சதே இல்ல, அதனால மலேரியாவ எதிர்க்கணும்ங்கற தேவையே அதுங்க உடம்புக்கு வரல. இஇவின்னு ரத்தச் சிவப்புல ஒண்ணு இருக்கு, பழைய ஹவாய் ராஜாக்கள் இதோட இறகுல மேலங்கி தெச்சுப் போட்டாங்க. நோய் இருக்குற ஒரே ஒரு கொசுவ ஒரே ஒரு தடவை கடிக்க விட்டுப் பாத்தாங்க, 10 பறவைல 9 செத்துப் போச்சு.

தப்பிச்சதெல்லாம் மலை உச்சில இருக்குறது. 13 டிகிரிக்குக் கீழ குளிர் இருந்தா கொசு உடம்புக்குள்ள அந்த ஒட்டுண்ணி வளராது, அதனால 1500 மீட்டருக்கு மேல ஓரளவு நிம்மதி. இப்ப சூடு ஏற ஏற கொசுவும் மலை ஏறுது. ஹவாய்ல கவாய்னு ஒரு தீவு, அதோட உச்சியே 1600 மீட்டர் தான், அதுக்கு மேல பறவை எங்க போகும்? அங்க இருக்குற அகிகிகிங்கற குருவி 2023ல காட்டுல 5 தான் மிச்சம்னு கணக்கு. போதாக்குறைக்கு காட்டுப்பன்னி வேற. அது மரம் மாதிரி வளர்ற பெரணியச் சாய்ச்சு உள்ள இருக்குற மாவைத் தின்னுட்டுப் போயிடும், அந்தக் குழில மழைத்தண்ணி தேங்கும், கொசுவுக்கு ஜாலி.

எனக்கு உண்மையிலேயே தூக்கம் போன விஷயம் அமாகிஹி தான். மஞ்சப் பச்சைல குட்டிப் பறவை. ஹவாய்லயே பெரிய தீவுல கொசு மொய்க்கிற கடலோரக் காட்டுல, எல்லாப் பறவையும் போயிருக்க வேண்டிய இடத்துல, இது மட்டும் பெருக ஆரம்பிச்சுது. பாதிக்கு மேல பறவைங்களுக்கு மலேரியா வந்து போன அடையாளம் இருந்தும் சாகல. முதல்ல எண்ணிக்கை ஏகப்பட்டது இருந்துச்சு, கொத்துக்கொத்தா செத்தும் தாங்கின நாலு மிஞ்சுச்சு, அதுங்க குஞ்சு பொரிச்சு அந்தத் தாங்குற குணம் பரவிடுச்சு. நூறு வருஷத்துக்குள்ள பரிணாமம்! ஆஹான்னு கைதட்டலாம்னு பாத்தா, அது நோயத் தாங்குதே ஒழிய விரட்டறது இல்ல, ஒட்டுண்ணி ரத்தத்துல குடியிருக்கு. ஓஹியா மரம் பூத்தா இஇவி தேனுக்காக மலைலேருந்து கீழ இறங்கி வரும், அமாகிஹிய கடிச்ச கொசு அடுத்தது இதைக் கடிக்கும், முடிஞ்சுது கதை. பொழைக்கக் கத்துக்கிட்ட சொந்தக்காரனே எமனா இருக்கான், அவன் மேல தப்பும் சொல்ல முடியாது.

2023லேருந்து மவுயிலயும், அதுக்கப்புறம் கவாய்லயும் ஆண் கொசுவ லட்சக்கணக்குல ஹெலிகாப்டர்ல கொண்டு போய் கொட்டறாங்க, இப்ப ட்ரோன்லயும். ஆண் கடிக்காது. அதுக்குள்ள, அந்த ஊர் கொசுல இருக்குறது இல்லாம வேற ரக வோல்பாக்கியா பாக்டீரியா இருக்கு, அதோட சேர்ற பெண் கொசு முட்டை பொரிக்காது. கொசுவ ஒழிக்க கொசுவையே கொட்டறதான்னு சிரிப்பு வந்துச்சு, ஆனா இவ்ளோ பெரிய மலைக்காட்டுல மருந்தடிக்க முடியாதுல்ல, எனக்கென்னமோ வேற வழி இருக்குற மாதிரி தெரியல.

கிளி மூக்குன்னு சொன்னேனே, அதுக்குப் பேரு கிவிகியு, மவுயில மட்டும் தான் இருக்கு. 2019ல அதுல 14 பறவைய மலையோட இன்னொரு பக்கம் கொண்டு போய் குடி வெச்சாங்க. அங்கயும் கொசு ஏறி வந்திருந்துச்சு, கொஞ்ச நாள்லயே மலேரியால வரிசையா செத்துச்சு, மிச்சம் காணாமப் போச்சு, எல்லாம் போயிடுச்சுன்னே முடிவு பண்ணிட்டாங்க. 2021ல அதே காட்டுல ஒண்ணே ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, உயிரோட. அமாகிஹிக்கு நடந்தது இதுக்கும் நடக்கணும்னா இது மாதிரி நூறு பறவையாவது வேணும், கண்ணுல பட்டது ஒண்ணு.