குளியல் தொட்டி கார்ட்டூன்: ஒருவழியாகப் பிடிபட்டது

கார்ட்டூனிஸ்ட் அபு ஆபிரகாமின் குளியல் தொட்டி கார்ட்டூனை எல்லாருக்கும் தெரியும். ஜனாதிபதி ஃபக்ருதீன் அலி அகமது தொட்டியில் கிடந்தபடியே கையெழுத்துப் போட்ட தாளைக் கதவுக்கு வெளியே நீட்டுகிறார். இன்னும் அவசரச் சட்டங்கள் (நாடாளுமன்றம் கூடாதபோது ஜனாதிபதி கையெழுத்தில் வருபவை) இருந்தால் காத்திருக்கச் சொல்லுங்கள் என்கிறார். எமர்ஜென்சி பற்றிப் பேச்சு எடுத்தாலே இந்தப் படத்தைத் தூக்கிப் போட்டு, 1975 ஜூன் 25 இரவுக் கையெழுத்தைக் கிண்டல் செய்கிறது என்று ஒரு வரி விளக்கமும் கொடுத்துவிடுகிறார்கள். ஒரே ஒரு பிரகடனத்துக்கு எதற்கு 'இன்னும் இருந்தால்'? இந்தியன் எக்ஸ்பிரஸில் இது வந்தது டிசம்பர் 10!

பழைய அரசியல் கார்ட்டூன்களைப் படிக்கப் பழகுகிறேன். முகம், மிகைப்படுத்தல், குறியீடு எல்லாம் பார்க்கப் பார்க்க வந்துவிடும். உயிரை எடுப்பது தேதிதான். தொகுப்புகளில் பாதிக்கு மேல் ஆண்டோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒரு நூலகத்து ஸ்கேனில் தேதி இருக்கும் மேல் விளிம்பையே நறுக்கிவிட்டிருந்தார்கள், புண்ணியவான்கள். தேதி சிக்கிவிட்டால் முந்தைய நாலைந்து நாள் செய்திகளைப் புரட்டுவேன். முந்தாநாள் பேப்பர் படித்தவருக்காகத்தானே கார்ட்டூனிஸ்ட் வரைகிறார்.

டிசம்பர் 8இல் மூன்று அவசரச் சட்டங்கள் வந்திருக்கின்றன. மூன்றும் பத்திரிகைகளின் கழுத்துக்கு. ஆட்சேபகரமானதை வெளியிடத் தடை, பிரஸ் கவுன்சில் காலி, நாடாளுமன்ற நடவடிக்கைகளை அச்சிட இருந்த பாதுகாப்பும் ரத்து. கடைசியாகச் சொன்ன பாதுகாப்பு 1956இல் பெரோஸ் காந்தி கொண்டுவந்தது, அதாவது இந்திராவின் கணவர். அபு இந்த மூன்றையும் நினைத்துத்தான் வரைந்தார் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்தக் காலை பேப்பரைப் பிரித்தவருக்கு வேறென்ன ஞாபகம் வந்திருக்கும்? அதற்கப்புறம் படத்தைப் பார்த்தால் 'காத்திருக்கச் சொல்லுங்கள்' என்பதுதான் குத்துகிறது. ஜனாதிபதியால் முடிந்த எதிர்ப்பே குளித்து முடிக்கும்வரைதான். வரைந்தவர் அப்போது ராஜ்யசபா நியமன உறுப்பினர் என்பது தனிக் கூத்து.

அடுத்து பாரதியின் 'இந்தியா' பத்திரிகையில் வந்த கருத்துப்படங்கள். 1906லேயே படத்தோடு விளக்கமும் போட்டுவிடுவார்கள், விடைத்தாளோடு வரும் கேள்வித்தாள் மாதிரி. விளக்கத்தை மறைத்துவிட்டுப் படிக்கப் போகிறேன். தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கு ஒரு நடை போக வேண்டும். 1987இல் ஆசிரியரைச் சிறைக்கு அனுப்பிய விகடன் அட்டை ஜோக்கும் வரிசையில் இருக்கிறது. அதில் மந்திரி, எம்.எல்.ஏ. என்று பொதுவாகத்தான் இருக்கும், யார் பெயரும் கிடையாது. என் தேதி வித்தை அங்கே எடுபடுமா தெரியவில்லை. அதற்கு முன்னால் டிசம்பர் 10 இதழின் முழுப் பக்கமும் கைக்கு வர வேண்டும். கார்ட்டூனுக்குப் பக்கத்தில் என்ன செய்தி போட்டிருந்தார்கள் என்று இன்னும் பார்க்கவில்லை.