சுலைமானிய்யா பள்ளிவாசல்ல ஒரு லுஹர் தொழுகை

இஸ்தான்புல் போனா எல்லாரும் மொதல்ல ஓடுறது நீலப் பள்ளிவாசலுக்கும் ஹாகியா சோஃபியாவுக்கும்தான், நாங்களும் போனோம், ஆனா எனக்கு மனசு போய் ஒட்டிக்கிட்டது மறுநாள் போன சுலைமானிய்யாவுலதான். எமினோனு பக்கத்துல இருந்து ஒரே மேடு. எங்க அத்தாவுக்கு (அப்பாவுக்கு) முட்டி வலி, நாலு எட்டுக்கு ஒருதரம் நின்னு நின்னு ஏறுனாங்க, டாக்ஸி புடிக்கலாம்னா கேக்கவே இல்ல, "பள்ளிக்கு வைக்கிற ஒவ்வொரு எட்டுக்கும் நன்மை இருக்கும்மா"ன்னுட்டாங்க.

சுல்தான் சுலைமானுக்காக 1550ல ஆரம்பிச்சு 1557ல கட்டடக் கலைஞர் மிமார் சினான் கட்டி முடிச்ச பள்ளி இது. மினாரா 4, அதுல பால்கனி மொத்தம் 10. உஸ்மானியர் (ஒட்டோமான்) இஸ்தான்புல்லப் புடிச்சதுக்கு அப்புறம் சுலைமான் நாலாவது சுல்தான், உஸ்மானிய வம்சத்துலயே பத்தாவது, அதத்தான் இந்தக் கணக்கு சொல்லுதுன்னு சொல்வாங்க.

பக்கச் சுவர் ஓரமா இருக்கிற குழாயில ஒளு செஞ்சுட்டு (தொழுகைக்கு முன்னாடி முகம் கை கால் கழுவிட்டு) உள்ள நுழைஞ்சேன். குவிமாடம் 53 மீட்டர் ஒசரம், ஆனா அண்ணாந்து பாக்குறப்ப மிரட்டவே இல்ல, ஜன்னல் ஜன்னலா வெளிச்சம் எறங்கி செவப்புக் கம்பளத்துல விழுது, அப்படியே உக்காந்துடலாம் போல இருந்துச்சு. நாங்க பயணிங்க, தனியா தொழுதா மதியத் தொழுகையான லுஹர நாலு ரக்அத்துல (சுற்றுல) இருந்து ரெண்டா சுருக்கிக்கலாம், ஆனா ஜமாஅத்துல, அதாவது கூட்டுத் தொழுகையில, உள்ளூர் இமாம் பின்னாடி நிக்கிறதால முழுசா நாலும் தொழுதோம், அந்தக் கூடுதல் ரெண்டும் எனக்கு வரம் மாதிரி இருந்துச்சு. பெண்கள் பகுதி கடைசியிலதான், அங்க வரைக்கும் இமாம் 'அல்லாஹு அக்பர்'னு சொல்ற தக்பீர் பிசிறில்லாம வந்துச்சு. சத்தம் நல்லா பரவணும்னு குவிமாடத்துக்குள்ளயே காலிப் பானைங்களப் பதிச்சு வச்சிருக்காராம் சினான்.

எனக்கு நெஞ்சு நெறைஞ்சது இன்னொரு விஷயத்துல. அந்தக் காலத்துல ராத்திரித் தொழுகைக்கு எண்ணெய் விளக்குதான், புகை சும்மாவா இருக்கும்? அந்தப் புகையெல்லாம் காத்தோட்டத்துல தலைவாசலுக்கு மேல இருக்கிற ஒரு ரூமுக்குப் போற மாதிரி சினான் கட்டி, அங்க படிஞ்ச கரியச் சொரண்டி எழுதுற மை செஞ்சாங்களாம். சுப்ஹானல்லாஹ்! ஜனங்க தொழுத வெளிச்சத்தோட கரி, அதுவே மை ஆயிருக்கு. வெளிய வரும்போது அந்த வாசலுக்கு மேலயே ரொம்ப நேரம் பாத்துட்டு நின்னேன்.

பின்பக்கத் தோட்டத்துல சுலைமானோட அடக்கஸ்தலம், பக்கத்துலயே அவர் மனைவி ஹுர்ரமுக்கும் தனியா ஒண்ணு. சினானோடது வளாகத்துக்கு வெளிய, தெரு முக்குல, ரொம்பச் சின்னது, நடந்து போறவங்க பாக்காமயே தாண்டிடலாம். அத்தா அங்க நின்னு குர்ஆனோட மொத அத்தியாயமான ஃபாத்திஹா ஓதி கையேந்துனாங்க, "இங்க யார் நெத்திய தரையில வச்சு சுஜூது செஞ்சாலும் இவருக்கும் ஒரு பங்கு போகும்"னு சொல்லி கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க. அப்புறம் தோட்டத்துச் சுவர் ஓரமா உக்காந்து கீழ கடலையே பாத்துக்கிட்டு இருந்தோம், நேரம் போனதே தெரியல, எறங்கலாம்னு எழுந்து தெருவுல பாதி தூரம் வந்திருப்போம், சாயங்காலத் தொழுகையான அஸருக்கு பாங்கு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. அத்தா நின்னு மேட்டப் பாத்தாங்க, என்னையும் பாத்தாங்க. நான் கையக் குடுத்தேன், புடிச்சுக்கிட்டு திரும்ப ஏற ஆரம்பிச்சாங்க.