விதானையார் எப்போது உடைந்தார்?

ரோட்டில் உடைந்த மதகை, அதாவது சிறு பாலத்தை, திருத்தித் தருமாறு ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்பு பிரதேச சபைக்கு எழுதிய இரண்டு பக்கக் கடிதம். மதகு வருவது இரண்டாம் பக்கத்தின் நடுவில். அதற்கு முன்னால் ஊரின் பழம்பெருமை, கமக்கார அமைப்பு தொடங்கிய கதை, வன்னி மண்ணின் விருந்தோம்பல், நடுநடுவே "தங்கள் மேலான கவனத்துக்கு". பிரதேச சபையிலிருந்து ஒரு வரியில் பதில் வந்தது: "தங்கள் கோரிக்கை யாதெனத் தெளிவுபடுத்தவும்."

மாங்குளத்திலிருந்து உள்ளே இறங்கும் கிறவல் ரோட்டுத் தேத்தண்ணிக் கடையில் அந்தப் பதில் கைமாறிக் கைமாறிக் கசங்கியது. கடிதத்தை எழுதிய செயலாளர் பிள்ளை ஏலெவலில் தமிழுக்கு ஏ எடுத்தவ. தலைவருக்கோ கடிதத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. ஓய்வுபெற்ற தமிழ் மாஸ்டர்தான் வடை எண்ணெயைக் காகிதத்தில் துடைத்துவிட்டுச் சிவப்புப் பேனையை எடுத்தார்.

"பிள்ளை, இதைச் சத்தமா வாசியுங்கோ. மூச்சு முட்டுற இடத்தில நிப்பாட்டுங்கோ."

பிள்ளை மதகு வருகிற இடத்திலிருந்து தொடங்கினா: "எமது கிராமத்தில் வாழும் விவசாயிகளாகிய நாம் நீண்ட காலமாக உடைந்து கிடக்கும் கிராம அலுவலர் அலுவலகத்துக்கு முன்னால் உள்ள மதகினால் உழவு இயந்திரங்கள் செல்ல முடியாமலும் பாடசாலை மாணவர்கள் நீரில் இறங்கிச் செல்ல வேண்டியும் நெல்லை ஏற்ற முடியாமலும் இருந்து வருகின்ற நிலையில்..."

பக்கத்து மேசையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்த விதானையார், அதாவது கிராம அலுவலர், நிமிர்ந்தார். "மாஸ்டர், நான் எப்பயிருந்து உடைஞ்சு கிடக்கிறன்?"

கடை சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஆனால் தமிழில் எழுதுகிற எல்லோருக்கும் இந்த விபத்து நடக்கும். தமிழில் அடைமொழி முன்னால் வரும், பெயர் பின்னால் வரும். 'உடைந்து கிடக்கும்' என்று வாசித்தவர் அடுத்து வரும் முதல் பெயரிலேயே அதை ஒட்டிவிடுவார். மதகு வரும்வரை அவர் காத்திருக்க மாட்டார். ஆகவே அடைமொழியைப் பெயருக்குப் பக்கத்தில் தள்ள வேண்டும்: கிராம அலுவலர் அலுவலகத்துக்கு முன்னால் உடைந்து கிடக்கும் மதகு. இதைவிட நல்ல வழி, இரண்டாகப் பிரிப்பது: மதகு கிராம அலுவலர் அலுவலகத்துக்கு முன்னால் உள்ளது. அது உடைந்து கிடக்கிறது. 'நேற்று உடைந்த மதகைப் பார்த்த தலைவர்' என்பதும் இதே வியாதிதான். நேற்று உடைந்ததா, நேற்றுப் பார்த்தாரா?

அடுத்தது மூச்சு. யாழ்ப்பாணத்துக்கு ஏ9 வீதியில் போகிற வாகனம் எதுவென்றாலும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று, கும்பிட்டு, கச்சானும் வாங்கிக்கொண்டுதான் போகும். இந்த வசனம் பிள்ளையாரையும் கவனிக்காமல் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்துவிட்டது. தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். அதுவரை 'முடியாமலும்', 'வேண்டியும்' எல்லாவற்றையும் வாசிப்பவர் கையில் ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். எங்கே வெட்டுவது? எழுவாய் மாறுகிற இடத்தில். ஒரே ஆள் 'இறங்கி, நடந்து, ஏறினார்' என்றால் தொடரலாம். உழவு இயந்திரத்திலிருந்து மாணவர்களுக்குத் தாவினால் முற்றுப்புள்ளி. பதினைந்து சொல்லைத் தாண்டும் வசனத்தைச் சந்தேகத்தோடு திரும்பப் பாருங்கள்.

'நீண்ட காலமாக' என்பதில் பேனை நின்றது.

"எப்ப உடைஞ்சது?"

"போன நொவம்பர் மழைக்குள்ள," என்றார் தலைவர்.

"அப்ப நொவம்பர் எண்டு எழுதுங்கோவன். மதகு எவ்வளவு நீளம்?"

தலைவர் தன் காலடியால் பத்தடி என்றார். கடைக்காரப் பெடியன் பன்னிரண்டு என்றான். அளவு நாடா எடுக்கச் சைக்கிளில் ஆள் போனது. 'பாரதூரமான நிலை', 'மிகுந்த சிரமம்' போன்ற சொற்கள் அலுவலகக் கோப்புகளில் எல்லாக் கடிதத்திலும் கிடக்கின்றன. யாரும் அவற்றை அளந்து பார்க்க முடியாது. பன்னிரண்டு அடி மதகு, இரண்டு குழாயில் ஒன்று உடைவு என்று எழுதினால், வாசிக்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர் அதிலேயே கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். (பெடியன் சொன்னதுதான் சரி. தலைவர் அதன் பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.)

'திருத்த நடவடிக்கைகளை மேற்கொள்ளுமாறு' என்பது 'திருத்துமாறு' என்று சுருங்கியது. 'மேற்படி', 'குறித்த', 'தொடர்பாக' போன பிறகும் அர்த்தத்தில் ஒன்றும் குறையவில்லை. பிறகு 'பார்வையிடப்பட்டது' வந்தது. யார் பார்வையிட்டது? பிள்ளைக்குத் தெரியாது, தலைவருக்கும் தெரியாது. செயப்பாட்டு வினையில் ஆள் ஒளிந்துகொள்ளலாம். கோரிக்கைக் கடிதத்தில் அது ஆபத்து: யார் செய்ய வேண்டும் என்பதே தெரியாமல் போய்விடும். மாஸ்டர் இதை விளக்கிக்கொண்டே சுவரைக் காட்டினார். 'இங்கு கடன் கொடுக்கப்படமாட்டாது.'

"யார் குடுக்கமாட்டினம் எண்டு இதில இல்லைப் பாத்தியளே?"

"அதை எழுதினா என்னட்டையெல்லோ சண்டைக்கு வருவினம்," என்றார் கடைக்காரர். அவர் சொன்னதும் சரிதான். ஒளிய வேண்டிய இடத்தில் ஒளியலாம்.

ஒற்றுப் பிழைக்கு மாஸ்டர் அதிகம் மினக்கெடவில்லை. 'ஐ', 'கு' உருபுக்குப் பின்னால் க, ச, த, ப வந்தால் ஒற்று: மதகைக் கட்டி, வயலுக்குப் போய். 'எடுத்து', 'கேட்டு' போல கடைசி எழுத்துக்கு முன்னால் வல்லின மெய் வரும் எச்சத்துக்குப் பின்னாலும் ஒற்று: எடுத்துக் கொடுத்தார். 'வந்து' என்பதில் அந்த இடத்தில் மெல்லின மெய் வருவதால் ஒற்று இல்லை: வந்து பார்த்தார். பிள்ளை எழுதிய 'உடைந்தக் குழாய்' பெயரெச்சம். அங்கேயும் ஒற்று வராது. போனில் பேசியே ரைப் பண்ணியதால் ஓரிடத்தில் 'குளத்து நீர்' 'குலத்து நீர்' என்று விழுந்திருந்தது. குலமும் சரியான சொல்தானே, போன் சிவப்புக் கோடு போடாது. இப்படியானவற்றைப் பிடிக்கக் கடைசி வசனத்திலிருந்து மேல்நோக்கி வாசிக்க வேண்டும். கதையோட்டம் அறுந்தால்தான் கண் எழுத்தைப் பார்க்கும்.

கேட்பதை முதலில் கேட்டு, காரணத்தைப் பின்னால் வைத்துத் திருப்பி எழுதினார்கள்:

"ஐயா, கிராம அலுவலர் அலுவலகத்துக்கு முன்னால் உள்ள மதகைப் பெரும்போக அறுவடைக்கு முன் திருத்தித் தருமாறு கேட்கிறோம். மதகின் நீளம் 12 அடி. அதன் இரண்டு குழாய்களில் ஒன்று நொவம்பர் மழையில் உடைந்தது. நெல் ஏற்றும் உழவு இயந்திரங்கள் அதைக் கடக்க முடியாது. பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பள்ளிக்கூடம் போகிறார்கள். நன்றி."

தலைவருக்கு மனம் ஆறவில்லை. "என்ன பிள்ளை, தந்தி மாதிரிக் கிடக்கு. ஊரின்ரை பெருமை எங்க?"

பெருமையைக் கோயில் மலருக்கு எடுத்து வைப்பதாக முடிவாகியது. மாஸ்டர் அன்றைக்கே அனுப்ப விடவில்லை. எழுதிய உடனே வாசித்தால், தாளில் இல்லாததையும் மனம் தானே நிரப்பி வாசித்துவிடும். ஒரு இரவு கிடந்தால் அந்தப் பழக்கம் விட்டுப்போகும்.

காலையில் முதல் ஆளாக வாசித்தவர் தலைவர். திருப்பியும் வாசித்தார். பிறகு கடிதத்தை மாஸ்டருக்கு முன்னால் வைத்து, ஒரு பிளேன்ரீ தனக்கும் சொன்னார்.

"மாஸ்டர், பெருமையை வெட்டேக்க ஊரின்ரை பேரையும் சேத்து வெட்டிப்போட்டியள்."