மூன்று வாரமாக ஒரு பட்டை கூடத் தெரியவில்லை

வெஸ்டர்ன் பிளாட்: புரோட்டீன்களை அளவுவாரியாகப் பிரித்து, மெம்பரேன் என்ற மெல்லிய தாளுக்கு மாற்றி, வேண்டியதை ஆன்டிபாடியால் ஒளிரும் பட்டையாகக் காட்டும் சோதனை. மூன்று வாரம், ஐந்து பிளாட், ஐந்திலும் வெற்றுத் திரை. ஏறக்குறைய எல்லா செல்லிலும் இருக்கும் ஆக்டின் புரோட்டீன் கூட இல்லை. ஆக்டினே தெரியாவிட்டால் கோளாறு என் புரோட்டீனில் இல்லை என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. புரோட்டீனைப் பிடிக்கும் பிரைமரி ஆன்டிபாடியைக் கூட்டிக்கொண்டே போனேன். அதன் விலை தெரிந்தவர்களுக்கு வயிறு எரியும்.

மெம்பரேனை, புரோட்டீனைச் சிவப்பாகக் காட்டும் பொன்சோ சாயத்தில் போட்டால் லேன் லேனாகச் சிவப்புக் கோடுகள். ஆக, புரோட்டீன் மெம்பரேனுக்கு மாறும் டிரான்ஸ்ஃபர் சரி. பிவிடிஎஃப் மெம்பரேனை முதலில் மெத்தனாலில் நனைக்கவும் மறக்கவில்லை. அப்புறம் என்ன?

நேற்று சாயங்காலம் ஜூனியர் பெண் கேட்டாள்: "அக்கா, அந்த செகண்டரியில கொஞ்சம் எடுத்து, சம அளவு ஈசிஎல் சேர்த்து இருட்டுல பார்ப்போமா?" செகண்டரி என்பது பிரைமரியைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி; அதில் ஒட்டியிருக்கும் எச்ஆர்பி நொதி, ஈசிஎல் கரைசலோடு சேர்ந்தால் ஒளிர வேண்டும். பார்த்தோம். ஒன்றுமே இல்லை. அடர்த்தியான ஸ்டாக்கிலிருந்து புதிதாக டைல்யூட் செய்து பார்த்தால், குழாயின் அடியில் நீலமாக ஒரு மினுக்கல்.

செகண்டரியைக் கலந்து வைத்திருந்த பழைய பாட்டிலின் லேபிளை அப்போதுதான் படித்தேன். பால் கரைசல் கெடாமலிருக்க 0.1% சோடியம் அசைடு. கையெழுத்து என்னுடையதேதான். அசைடு பாக்டீரியாவை மட்டுமா அடக்கும், எச்ஆர்பி நொதியையும் சேர்த்து அடக்கிவிடும். பிரைமரியில் இருந்தால் நன்றாகக் கழுவித் தப்பிக்கலாம். செகண்டரியிலேயே கலந்துவிட்டால் ஒளிக்கு எங்கே போவது?

இன்று அசைடு இல்லாத புதுக் கரைசல். தன் எடைக்குரிய 42 கிலோடால்டனில் ஆக்டின் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

என் புரோட்டீனை இன்னும் காணோம். அது தனிக் கதை.