ரிலீவிங் லெட்டர் கையில் இருந்தது, நான்தான் வெளியே வரவில்லை

மூன்று மாத நோட்டீஸ் முடிந்து, கேக் வெட்டி, ரிலீவிங் லெட்டரைப் பையில் போட்டுக்கொண்டு பழைய மருத்துவமனையை விட்டுக் கிளம்பியபோது எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். பதினோரு வருடமாக மெடிக்கல் பிசிசிஸ்ட்டாக, அதாவது புற்றுநோய்க் கதிர்வீச்சு சிகிச்சைக்குக் கணக்குப் போடுகிறவளாக இருக்கிறேன். எனக்கே இது தெரியாமல் போனதை வெளியே சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

புது இடத்தில் சேர்ந்த மூன்றாம் நாள், புதிதாக வந்திருந்த லினாக்குக்கு (கதிர்வீச்சு கொடுக்கும் மிஷின்) லைசென்ஸ் விண்ணப்பம் போட உட்கார்ந்தோம். ஆர்.எஸ்.ஓ., அதாவது கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி, இல்லாமல் எந்த ரேடியோதெரபி மிஷினும் ஓடக் கூடாது. இங்கே அந்த ஆர்.எஸ்.ஓ. நான். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இணையதளமான ஈ-லோராவில் என்னைச் சேர்க்கப் பார்த்தால் ஏறவே இல்லை. வாரியத்தின் கணக்குப்படி நான் இன்னும் பழைய மருத்துவமனையின் ஆள். அவர்கள் காகிதத்தில்தான் விடுவித்திருக்கிறார்கள், ஈ-லோராவில் விடுவிக்கவில்லை. அதை என் லாகினிலிருந்து செய்ய முடியாது. பழைய நிறுவனத்தின் லாகினிலிருந்துதான் நடக்க வேண்டும்.

ஆகவே முதல் அறிவுரை: கடைசி நாளுக்கு முன்பே, பக்கத்தில் உட்கார்ந்து அதைச் செய்ய வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்ட பிறகு கேக் வெட்டலாம்.

போனில் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்ததும் ஒரு நாள் லீவு போட்டு நேரில் போனேன். கோயம்பேட்டிலிருந்து 570. மெட்ரோ வேலை நடக்கும் ஓ.எம்.ஆரில் அந்தப் பேருந்து எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எச்.ஆர். கிளார்க் என்னைப் பார்த்ததும், "லெட்டர்தான் குடுத்தாச்சே மேடம், இன்னும் என்ன?" என்றார். ஈ-லோரா என்றேன். அது ஏதோ இன்சூரன்ஸ் என்று நினைத்துவிட்டார். விசாரித்ததில், நிறுவனத்தின் லாகின் ஆறு மாதத்துக்கு முன் கோயம்புத்தூருக்குப் போய்விட்ட நிர்வாக அதிகாரியின் பெயரில் இருந்தது. பாஸ்வேர்டை மாற்றப் போனால் மெயில் அவருடைய பழைய முகவரிக்குப் போகிறது. அன்றைய லீவு வீண்.

இரண்டாவது தடவை போனபோதுதான் உண்மையான காரணம் தெரிந்தது. பாஸ்வேர்டு அதற்குள் கிடைத்துவிட்டது. ஆனால் துறைத் தலைவர், "உன்னை விட்டுட்டா எங்க மிஷின் நிக்கும்மா" என்றார். அங்கே பிசிசிஸ்ட் இரண்டே பேர். இன்னொரு பையன் இப்போதுதான் இன்டர்ன்ஷிப் முடித்தவன், ஆர்.எஸ்.ஓ. பரீட்சை இன்னும் எழுதவில்லை. நோட்டீஸ் கொடுத்த அன்றே மாற்று ஆள் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். கடைசி வாரம் வரை யாரும் விளம்பரம்கூடக் கொடுக்கவில்லை. அவசரத்துக்குக் கடையில் வாங்குகிற ஆளா நாங்கள்? எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ், அதன் பிறகு ஒரு வருடம் ரேடியோதெரபி துறையில் இன்டர்ன்ஷிப், அதற்கும் பிறகு பார்க் (பாபா அணு ஆராய்ச்சி மையம்) நடத்தும் ஆர்.எஸ்.ஓ. பரீட்சை.

கோபம் வந்தது, ஆனால் முழுதாகக் கோபப்படவும் முடியவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்குக் கதிர்வீச்சுப் பிளான் போட்டது நான்தான். முப்பத்து மூன்று சிட்டிங்கில் பதினெட்டு முடித்தவருக்கு நடுவில் மிஷினை நிறுத்தினால், விட்ட நாட்களில் கட்டியின் செல்கள் மறுபடி பெருக ஆரம்பிக்கும். அதற்காக வேலையை விட்டுப் போனவளின் பெயரில் மிஷினை ஓட்டிக்கொண்டிருப்பது சரியாகிவிடுமா? ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டியது பதிவில் இருக்கும் ஆர்.எஸ்.ஓ.தானே. இதை அவரிடம் வாயால் சொல்லிவிட்டு, சாயங்காலமே மெயிலாகவும் அனுப்பினேன். மெயில்தான் வேலை செய்தது. அடுத்த வாரமே ஓய்வுபெற்ற ஒரு சீனியரைப் பிடித்தார்கள். அவர் பெயருக்கு ஒப்புதல் வந்த பிறகு என்னை விட்டார்கள்.

இதற்கு நடுவில் டி.எல்.டி. பேட்ஜ் கதை வேறு. எங்கள் மேல் படும் கதிர்வீச்சை அளக்க நாங்கள் மாட்டிக்கொள்ளும் பேட்ஜ் அது, காலாண்டுக்கு ஒருமுறை ஆய்வகத்துக்குப் போகும். புது இடத்திலும் பழைய டி.எல்.டி. எண்ணையே கொடுங்கள், புது எண் வாங்கினால் டோஸ் கணக்கு இரண்டாக உடைந்துவிடும். நான் கொடுத்தேன். கடைசி காலாண்டில் பேட்ஜ் திரும்பி வரவில்லை என்று இருந்தது. எங்கள் மேல் படும் கதிர்வீச்சுக்கு வரம்பு ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடமும் 30-ஐத் தாண்டக் கூடாது. என் கணக்கு பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். ஆனாலும் நடுவில் ஒரு ஓட்டை விழுந்தால் கேள்வி வரும்.

கடைசி நாள் ஐ.டி. கார்டோடு சேர்த்து எச்.ஆரில் கொடுத்தது ஞாபகம் வந்தது. மூன்றாவது பயணம். கிளார்க் மேஜையின் அடி டிராயரை இழுத்தார். ரப்பர் பேண்ட் போட்ட பழைய ஐ.டி. கார்டுகள், இரண்டு ஸ்டேப்ளர், ஒரு விபூதிப் பொட்டலம், அதற்கடியில் என் பேட்ஜ். கார்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரு மூலை வெட்டியிருந்தது. "இதையும் வெட்டலாம்னுதான் பாத்தேன் மேடம், கத்திரிக்கோல் இறங்கல" என்றார். உள்ளே கதிர்வீச்சைப் பதியும் மூன்று டிஸ்க்கும் தப்பியது அந்தக் கத்திரிக்கோலின் புண்ணியம். அங்கேயே அவருக்கு அது என்ன என்று விளக்கி, ஆய்வகத்துக்கு அன்றே கூரியரில் அனுப்ப வைத்து, ரசீதைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். பேட்ஜை எச்.ஆரிடம் கொடுக்காதீர்கள், துறையிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

புது இடத்தில் எனக்கு ஆர்.எஸ்.ஓ. ஒப்புதல் போன வாரம் வந்துவிட்டது. நேற்று அந்தப் பழைய மருத்துவமனைக் கிளார்க்கிடமிருந்து போன்.

"மேடம், புதுசா வந்த பேட்ஜ் பார்சல் ரிசப்ஷன்லேர்ந்து எங்கிட்ட வந்துடுச்சு. ஒண்ணுல மட்டும் பேரே இல்ல. தூக்கிப் போட்டுடவா?"

"ஐயோ சார், அது கண்ட்ரோல் பேட்ஜ். மத்ததை எல்லாம் அதை வெச்சுதான் கணக்குப் பாப்பாங்க. அப்படியே பிசிக்ஸ் ரூம்ல கொடுத்துடுங்க" என்றேன்.